பிரஷர் மாத்திரையோடு குடித்தனம்

காய்ச்சலுக்கு மாத்திரை போட்டால் காய்ச்சல் இறங்குகிறது, உடம்பு லேசாகிறது, மாத்திரைமேல் நம்பிக்கை வருகிறது. பிரஷர் மாத்திரையின் கதை வேறு. நன்றாக நடமாடிக்கொண்டிருக்கிற ஆளை உட்கார வைத்து, கையில் பட்டையைச் சுற்றி, “160க்கு 100 இருக்கிறது” என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுக்கிறார்கள். அதுவரைக்கும் அவருக்கு ஒரு தொந்தரவும் இருந்திருக்காது. மாத்திரை ஆரம்பித்த பிறகுதான் தலை கிறுகிறுக்கும், கால் வீங்கும், ராத்திரி தூக்கம் கெடும். நோய் தெரியவே இல்லை, மருந்துதான் தெரிகிறது. அப்படியிருக்க, மாத்திரையைத்தான் நோய் என்று மனசு எடுத்துக்கொள்வதில் ஆச்சரியம் என்ன இருக்கிறது? அதனால்தான் நிறையப் பேர் சத்தமில்லாமல் நிறுத்திவிடுகிறார்கள். டாக்டரிடம் சொல்வதில்லை. அடுத்த முறை போகும்போது, போவதற்கு இரண்டு நாள் முன்னால் மட்டும் போட்டுக்கொண்டு போகிறார்கள்.

என் அப்பாவும் அப்படித்தான் நிறுத்தினார். காலையில் எழுந்து நின்றால் கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது என்பதுதான் அவருடைய குறை. அதை டாக்டரிடம் சொல்ல அவருக்குக் கூச்சம். “அவ்வளவு பெரிய டாக்டர்கிட்டப் போய் இதையெல்லாம் சொல்லுவாங்களா?” என்பார். ஒரு தை மாதக் காலையில் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் இருந்த ஆறு வருடமும் அம்மாதான் சோறு ஊட்டினார். அப்பாவுக்கு வேண்டியிருந்ததெல்லாம் வேறொரு மாத்திரை, இல்லையென்றால் அதே மாத்திரையில் குறைந்த அளவு. அவர் வாயைத் திறந்து கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். அவரை உட்கார வைத்து யாராவது கேட்டிருந்தாலும் கிடைத்திருக்கும்.

இதை நான் எழுத உட்கார்ந்ததற்கு அப்பாதான் காரணம். பக்கவிளைவு என்பது பொறுத்துக்கொண்டு கிடக்கவேண்டிய விஷயமும் இல்லை, மருந்தை விட்டுவிடக் காரணமும் இல்லை. அது டாக்டருக்குக் கொடுக்கவேண்டிய தகவல். அந்தத் தகவல் போய்ச் சேராமல் நம் வீடுகளில் எத்தனை பேர் கஷ்டப்படுகிறார்கள் என்பதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

கும்பகோணம் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் 9, 10ஆம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். பள்ளியில் நடந்த மருத்துவ முகாமில்தான் எனக்கு ரத்தக்கொதிப்பு இருப்பது தெரிந்தது. அப்போது வயது 47. முதலில் எழுதிக் கொடுத்தது எனலாப்ரில். மலிவான மாத்திரை, நல்ல மருந்து, சிறுநீரகத்தையும் இதயத்தையும் காக்கும் என்று சொன்னார்கள். அதெல்லாம் உண்மைதான். சில வாரங்களில் பிரஷரும் இறங்கியது. இருமலும் வந்தது.

அந்த இருமலை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். சளி கிடையாது, காய்ச்சல் கிடையாது. தொண்டைக்குழியில் கோழி இறகை வைத்து யாரோ வருடுகிற மாதிரி ஒரு அரிப்பு கிளம்பும். இருமினாலும் தீராது. படுத்தால் அதிகமாகும், எழுந்து உட்கார்ந்தால் கொஞ்சம் அடங்கும். வகுப்பில் ஒரு தேற்றத்தை நிரூபிக்க ஆரம்பித்தால் நடுவில் இரண்டு தடவை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடிக்கவேண்டும். முன்பெஞ்சுப் பிள்ளைகள் பாட்டிலை நீட்டத் தயாராக இருப்பார்கள். இன்னொன்றும் சொல்லவேண்டும், இதை யாரும் எழுதுவதில்லை. என் வயதுப் பெண்களுக்கு, அதுவும் இரண்டு பிள்ளை பெற்றவர்களுக்கு, அடக்கமுடியாமல் இருமினால் சிறுநீர் கசியும். நாற்பது பிள்ளைகள் முன்னால் நின்றுகொண்டு இருமலை அடக்கப் பாடுபடுவது சாக்பீஸ் தூசிக்காக இல்லை, இதற்காகத்தான்.

எல்லாரும் தூசி என்றார்கள். பனி என்றார்கள். அம்மா ஊரிலிருந்து சித்தரத்தை, அதிமதுரம், பனங்கற்கண்டு என்று பொட்டலம் கட்டி அனுப்பினார். தூதுவளை ரசம், ஆடாதோடைக் கஷாயம், மிளகு போட்ட பால். இதில் அதிமதுரத்தைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை: தொண்டைக்கு இதமான பொருள்தான், ஆனால் தொடர்ந்து சாப்பிட்டால் அது பொட்டாசியத்தைக் குறைத்து ரத்தக்கொதிப்பை ஏற்றும். பிரஷர் மாத்திரையால் வந்த இருமலுக்குப் பிரஷரை ஏற்றுகிற மருந்து! மெடிக்கலில் வாங்குகிற சில சளி சிரப்புகளும் அப்படித்தான், மூக்கடைப்பை நீக்கப் போட்டிருக்கும் மருந்து ரத்தக்குழாயைச் சுருக்கும்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் சளிப் பரிசோதனை செய்யவேண்டும் என்பது காசநோய்த் திட்டத்தின் விதி. அது சரியான விதி. செய்தார்கள், ஒன்றும் இல்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள், சுத்தமாக இருந்தது. ஒரு தனியார் மருத்துவமனையில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். அப்புறம் அலர்ஜி மாத்திரை, அப்புறம் இன்ஹேலர். ஒவ்வொரு இடத்திலும் பிரஷர் இருக்கிறதா என்று கேட்டார்கள், இருக்கிறது, மாத்திரை சாப்பிடுகிறேன் என்று சொன்னேன். என்ன மாத்திரை என்று அடுத்த கேள்வி வரவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டவர் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்திருந்த ஒரு இளம் டாக்டர். “அந்த மாத்திரை அட்டையைக் காட்டுங்க டீச்சர்” என்றார். பார்த்தார். “இதை நிறுத்திட்டு வேற தரேன். இருமல் உடனே போகாது, கொஞ்ச நாள் ஆகும், பயப்படாதீங்க” என்றார். லோசார்டான் எழுதினார். அவர் சொன்னபடியே மெல்ல மெல்ல அடங்கி, ஒரு மாதத்துக்குள் இருமல் என்னை விட்டுப் போயிற்று. ராத்திரி முழுசாகத் தூங்கி எழுந்த அந்த முதல் காலையில் எனக்கு அழுகை வந்தது.

இந்த இருமல் ஏன் வருகிறது என்று பிறகு தேடிப் படித்தேன். அதன் பின்னால் ஒரு பாம்பு இருக்கிறது. பிரேசில் நாட்டில் ஜரராக்கா என்றொரு விரியன் பாம்பு உண்டு. அது கடித்தால் ரத்த அழுத்தம் சட்டென்று சரியும். 1949இல் சாவோ பாவ்லோவில் ரோச்சா எ சில்வாவும் அவருடைய குழுவினரும் அந்த விஷத்தை வைத்து ஆராய்ந்தபோது பிராடிகைனின் என்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள். நம் உடம்பே சுரப்பது, ரத்தக்குழாயை விரிப்பது. 1960களில் செர்ஜியோ ஃபெரெய்ரா அந்த விஷத்தில் பிராடிகைனினை அழியவிடாமல் காக்கும் பொருள் இருப்பதைக் காட்டினார். அந்த வழியில் போய், ஸ்குயிப் நிறுவனத்தின் குஷ்மனும் ஒன்டெட்டியும் காப்டோப்ரில் என்ற மாத்திரையை உருவாக்கினார்கள். 1981இல் அது அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எனலாப்ரில், ராமிப்ரில், லிசினோப்ரில் என்று ‘ப்ரில்’ என முடிகிற எல்லாம் அதன் வழிவந்தவை. ரத்தக்குழாயைச் சுருக்கும் ஆஞ்சியோடென்சினை உண்டாக்குகிற நொதியை இவை தடுக்கின்றன. அதே நொதிதான் பிராடிகைனினை அழிக்கிற வேலையையும் செய்கிறது. நொதியைக் கட்டிப்போட்டால் பிராடிகைனின் தேங்குகிறது. மூச்சுக்குழாயில் தேங்கினால் அரிப்பு, இருமல். ஏறக்குறைய பத்துப் பேரில் ஒருவருக்கு வரும், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். அளவைக் குறைத்தாலும் போகாது, மருந்தைத்தான் மாற்றவேண்டும். லோசார்டான், டெல்மிசார்டான் போல ‘சார்டான்’ என முடிபவை இந்த நொதியைத் தொடுவதில்லை, ஆஞ்சியோடென்சின் போய் ஒட்டுகிற இடத்தை மட்டும் அடைக்கின்றன. அதனால் இருமல் இல்லை.

இதே வகை மருந்தில் அபூர்வமாக உதடும் நாக்கும் முகமும் திடீரென்று வீங்கும். அது மட்டும் காத்திருக்கிற விஷயம் இல்லை. மூச்சை அடைக்கும், உடனே அவசர சிகிச்சைக்கு ஓடவேண்டும், அந்த மருந்தை வாழ்நாளில் திரும்பத் தொடக்கூடாது. இன்னொன்று, குழந்தைக்குத் திட்டமிடுகிற பெண்கள் ப்ரில், சார்டான் இரண்டையும் சாப்பிடக்கூடாது, கருவின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். எங்கள் பள்ளியில் புதிதாகக் கல்யாணமான ஒரு டீச்சருக்கு ரத்தக்கொதிப்பு என்று தெரிந்ததும் நான் முதலில் சொன்னது இதைத்தான்.

சரி, இருமல் போயிற்று. ஆனால் லோசார்டான் மட்டும் எனக்குப் போதவில்லை, பிரஷர் மறுபடி ஏறியது. அம்லோடிபைன் சேர்த்தார்கள், முதலில் 5 மில்லிகிராம், பிறகு 10. பிரஷர் அழகாக இறங்கியது. கால் வீங்க ஆரம்பித்தது.

காலையில் ஒன்றும் இருக்காது. மதியம் மூன்றாவது பீரியடுக்குப் பிறகு செருப்பு வார் இறுகும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து கொலுசைக் கழற்றினால் சதையில் பள்ளம். மெட்டியைக் கழற்ற முடியாமல் சோப்புத் தண்ணீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கடைசியில் மெட்டியை அறுத்தெடுக்க வேண்டியதாயிற்று. அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, அது பெரிய சங்கடம், இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. அக்கம்பக்கத்தில் காலைப் பார்த்தவர்கள் கிட்னி போயிருக்கும் என்றார்கள். கிட்னி என்ற சொல் காதில் விழுந்தால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? ரத்தம், சிறுநீர் எல்லாம் பார்த்ததில் கிட்னி நன்றாகவே இருந்தது.

ஒரு டாக்டர் வீக்கத்துக்கு என்று நீர் மாத்திரை சேர்த்தார். சிறுநீர் நிறையப் போனது, உடம்பு சோர்ந்தது, வீக்கம் மட்டும் அப்படியே இருந்தது. ஏன் என்பது பிறகு புரிந்தது. அம்லோடிபைன் சின்னத் தமனிகளை விரிக்கிறது, சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. உள்ளே வருகிற வாசல் அகலம், வெளியே போகிற வாசல் பழைய அளவு. நடுவில் நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி, நீர் சதைக்குள் கசிகிறது. நாள் முழுவதும் நிற்கிறவர்களுக்குப் பூமியின் இழுப்பும் சேர்ந்துகொள்கிறது. உடம்பில் நீர் கூடவில்லை, இடம் மாறி நிற்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் சிறுநீரைக் கூட்டுகிற மாத்திரை அங்கே சரியாக வேலை செய்வதில்லை. ஒரு மாத்திரையின் விளைவை இன்னொரு மாத்திரையால் துரத்தப்போய், அதன் விளைவுக்கு மூன்றாவது மாத்திரை என்று நீள்கிற சங்கிலி இங்கேதான் ஆரம்பிக்கிறது. வயதானவர்களின் மாத்திரை டப்பாவில் இந்தச் சங்கிலியை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

எனக்கு விடிவு வந்தது அளவைக் குறைத்தபோது. அம்லோடிபைனை 5க்கு இறக்கி, லோசார்டானுக்குப் பதில் டெல்மிசார்டான் 40 கொடுத்தார்கள். சார்டான் வகை சிரைகளையும் விரிப்பதால் கால் வீக்கம் குறையும் என்று விளக்கினார் டாக்டர். 2003இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஓர் ஆய்வு அளவைக் குறைப்பதன் பலனைக் கணக்காகவே சொல்கிறது. கணக்கு டீச்சராக அதைப் படித்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. 354 மருந்துச் சோதனைகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வழக்கமான அளவில் பாதியைக் கொடுத்தால், ரத்தக்கொதிப்பைக் குறைக்கிற சக்தியில் ஐந்தில் ஒரு பங்குதான் இழப்பு. பக்கவிளைவோ பல மருந்துகளில் அதைவிட அதிகமாகக் குறைகிறது. ஆகவே ஒரே மருந்தை முழு அளவுக்கு ஏற்றுவதைவிட இரண்டு மருந்தைச் சின்ன அளவில் சேர்ப்பது உடம்புக்கு நல்லது. “ரெண்டு மாத்திரையா, நோய் முத்திப்போச்சா?” என்று பயப்படுகிறவர்களிடம் இதைச் சொல்லாமல் நான் விடுவதே இல்லை.

எங்கள் வீட்டில் பயங்கரமாக முடிந்திருக்கவேண்டியது அத்தையின் விஷயம். என் மாமியாருக்கு அப்போது 78 வயது, ஒல்லியான உடம்பு. குளோர்தாலிடோன் என்ற நீர் மாத்திரை சின்ன அளவில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நல்ல மருந்து, பக்கவாதத்தைத் தடுப்பதில் பல வருடச் சான்று உள்ளது. அத்தை எதையும் அரைகுறையாகச் செய்யமாட்டார். உப்பைக் குறைக்கச் சொன்னார்கள் என்று ஊறுகாய், அப்பளம், வடகம் எல்லாவற்றையும் விட்டு, கடைசியில் உப்பில்லாத கஞ்சிக்கு வந்துவிட்டார். சித்திரை வெயில் வேறு. வேர்த்துக் கொட்டும், தண்ணீராகக் குடித்துக்கொண்டே இருப்பார்.

முதலில் சோர்வு. அப்புறம் நடை தள்ளாடியது. பிறகு பேச்சு மாறியது. என்னைப் பார்த்து, எப்போதோ இறந்துபோன தன் அக்காவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அடுப்பில் பாலை வைத்துவிட்டு, பால்காரன் வரவில்லையே என்று வாசலில் போய் நின்றார். வயதாகிவிட்டது, மறதி நோய், இனி இப்படித்தான் என்று உறவுக்காரர்கள் முடிவே கட்டிவிட்டார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. மறதி நோய் இரண்டு வாரத்தில் இப்படி ஓடி வராது. மாவட்டத் தலைநகருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். ரத்தப் பரிசோதனையில் சோடியம், அதாவது ரத்தத்திலுள்ள உப்பு, 118. இருக்கவேண்டியது 135க்கும் 145க்கும் நடுவில். இன்னும் சில நாள் விட்டிருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்றார்கள். உப்பு நீரை ஊசி வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏற்றினார்கள். வேகமாக ஏற்றினால் மூளைக்கு ஆபத்து என்பதால் நாள் கணக்கில் பொறுமையாக ஏற்றினார்கள். நான்காம் நாள் காலையில் அத்தை கண்ணை விழித்து, “இன்னிக்குப் பள்ளிக்கூடம் போகலையா?” என்று என்னைக் கேட்டார். பெயர் சொல்லிக் கேட்டார்.

இது ஊருக்கு ஊர் நடக்கிறது. ‘உப்பு குறைஞ்சுபோச்சு’ என்று ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுகிற முதியவர்களில் எத்தனையோ பேர் கையில் நீர் மாத்திரை இருக்கும். வயதானவர்கள், பெண்கள், ஒல்லியானவர்கள், இவர்களுக்கு அபாயம் அதிகம். அந்த மாத்திரை ஆரம்பித்த சில வாரங்களில் சோடியமும் பொட்டாசியமும் ஒரு தடவை பார்க்கவேண்டும், கோடையில் இன்னொரு தடவை. செலவு பெரிதில்லை. வாந்தி பேதி வந்து உடம்பு வறண்டுபோனால் நீர் மாத்திரையையும் சார்டான், ப்ரில் மாத்திரைகளையும் என்ன செய்வது என்று அன்றே டாக்டரிடம் கேட்டுவிடவேண்டும். பெரும்பாலும் தேறுகிறவரைக்கும் நிறுத்திவைக்கச் சொல்வார்கள். வீட்டில் முதியவர் இருந்தால் இந்த ஒரு பத்தியையாவது உங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் போடுங்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

நீர் மாத்திரையில் பெண்களுக்கு இன்னொரு கஷ்டம், பேருந்து. மாத்திரை போட்ட சில மணி நேரத்துக்குச் சிறுநீர் அடிக்கடி வரும். கழிப்பறை இல்லாத பேருந்து நிலையம், பூட்டிக் கிடக்கிற கழிப்பறை, நிறுத்தாமல் ஓடுகிற வண்டி. கல்யாணத்துக்குப் போகிற நாள் மாத்திரையை விட்டுவிடுவார்கள், கோயிலுக்குப் போகிற நாள் விட்டுவிடுவார்கள், அத்தோடு தண்ணீர் குடிப்பதையும் விட்டுவிடுவார்கள். மாத்திரையைக் காலையில்தான் போடவேண்டுமா என்பது இப்போது கேட்கக்கூடிய கேள்வி. பிரிட்டனில் 21,000 பேரை வைத்து நடத்தி 2022இல் வெளியான ஆய்வில், பிரஷர் மாத்திரையைக் காலையில் போட்டாலும் இரவில் போட்டாலும் மாரடைப்பு, பக்கவாதம் வருவதில் வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. நீர் மாத்திரையை இரவில் போட்டால் தூக்கம் கெடும், அதனால் அது இரவுக்கு ஆகாது. ஆனால் பயண நாளில் வீடு திரும்பிய பிறகு போட்டுக்கொள்ளலாமா என்று கேட்கலாம். நீர் மாத்திரை சாப்பிட்ட காலத்தில் அத்தை கேட்டார், போடலாம் என்றார்கள்.

என் அண்ணன் சாப்பிடுவது அட்டெனோலால். கை விரல்கள் சில்லிட்டுப்போகும், மாடிப்படி ஏறினால் கால் கனக்கும். இதயத்துடிப்பை மெதுவாக்குகிற மருந்து என்பதால் வருகிற விளைவுகள் இவை. ஆனால் அவர் நிறுத்தியது வேறு காரணத்துக்காக. அதை அவர் என்னிடம் எப்படிச் சொல்வார்? அண்ணிதான் சமையலறையில் வைத்து, குரலை இறக்கி, “அவருக்கு அந்த விஷயத்துல…” என்று பாதியில் நிறுத்தினார். நம் ஆண்கள் இதை உயிர் போனாலும் டாக்டரிடம் சொல்லமாட்டார்கள். அண்ணன் மாத்திரையை ஒரே நாளில் நிறுத்திவிட்டார். படபடப்பு வந்து, நெஞ்சு வலித்து, இரவோடு இரவாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். இந்த வகை மருந்தைத் திடீரென்று நிறுத்தவே கூடாது, படிப்படியாகத்தான் இறக்கவேண்டும். அன்றிரவு அவருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகாமல் தப்பினார்.

இது தொடர்பாக இத்தாலியில் நடந்த ஓர் ஆய்வு 2003இல் வெளிவந்தது. 96 ஆண்களுக்கு அட்டெனோலால் கொடுத்தார்கள். என்ன மருந்து என்றே சொல்லப்படாதவர்களில் 3 சதவீதம் பேருக்குத்தான் ஆண்மைக் குறைவு வந்தது. மருந்தின் பெயர் மட்டும் தெரிந்தவர்களில் 16 சதவீதம். பக்கவிளைவையும் சேர்த்துச் சொல்லப்பட்டவர்களில் 31 சதவீதம். இதைக் காட்டி ‘எல்லாம் மனப் பிரமை’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். பயம் உடம்பில் வேலை செய்கிறது, அதனால் உண்டான கஷ்டம் பொய்யாகிவிடாது. அதோடு, ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும்கூட அதே பிரச்சினையைக் கொண்டுவரும். எது எதனால் என்று பிரித்துப் பார்க்க ஒரு டாக்டருக்குத்தான் முடியும், அவரிடம் ஆள் வாயைத் திறக்கவேண்டும். அண்ணனோடு உள்ளே போய் உட்கார்ந்து, அண்ணியே சொன்னார். மருந்தைப் படிப்படியாக இறக்கி வேறொன்றுக்கு மாற்றினார்கள். அண்ணியின் அந்தத் துணிச்சலை நான் மிகவும் மதிக்கிறேன்.

இதையெல்லாம் கேட்கிற உறவினர் யாராவது, “இங்கிலீஷ் மருந்தே வேண்டாம், நாட்டு மருந்தில் பக்கவிளைவே கிடையாது” என்பார்கள். சர்ப்பகந்தா நம் நாட்டு மூலிகைதான். பம்பாயில் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் அதை ரத்தக்கொதிப்புக்குக் கொடுத்துப் பார்த்து 1949இல் எழுதிய கட்டுரை உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தது. 1952இல் அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அதற்கு முன்னால் இந்த நோய்க்குச் சொல்லிக்கொள்ளும்படி மருந்தே இல்லை. அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் 1945 ஏப்ரல் 12 அன்று மூளையில் ரத்தம் கசிந்து இறந்தபோது அவருடைய ரத்த அழுத்தம் 300க்கு 190, சுற்றியிருந்த டாக்டர்களால் எதுவும் செய்யமுடியவில்லை. ரெசர்பின் அந்த நிலையை மாற்றியது. மூக்கடைப்பையும் சிலருக்குக் கடுமையான மனச்சோர்வையும் அதுவும் கொண்டுவந்தது. உடம்பில் வேலை செய்கிற எந்தப் பொருளும் ஒரே ஒரு வேலையை மட்டும் செய்துவிட்டுப் போவதில்லை, அது மூலிகையானாலும் சரி, மாத்திரையானாலும் சரி.

உப்பு விஷயத்திலும் இப்படித்தான். இந்துப்பு பிரஷருக்கு நல்லது என்று வாங்குகிறார்கள், அதிலும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். கடையில் விற்கிற சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். பலருக்கு அது நல்லது, ஆனால் சார்டான், ப்ரில் சாப்பிடுகிறவர்களுக்கும் சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கும் பொட்டாசியம் ஏறி இதயத்துடிப்பைக் குலைக்கலாம். மூட்டுவலிக்கு மெடிக்கலில் தாளில் சுற்றித் தருகிற செட் மாத்திரையை நினைத்தால் எனக்குப் பயம். அதிலுள்ள வலி மாத்திரை பிரஷரை ஏற்றும். சார்டானும் நீர் மாத்திரையும் சாப்பிடுகிறவர்கள் அதையும் சேர்த்தால் சிறுநீரகம் ஒரேயடியாகப் படுத்துவிடலாம்.

2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கிய பிறகு எங்கள் தெருவுக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. நடக்க முடியாதவர்களுக்கும் கூலி வேலையை விட்டுவிட்டு வரிசையில் நிற்க முடியாதவர்களுக்கும் இது எவ்வளவு பெரிய உதவி என்று பக்கத்திலிருந்து பார்த்ததால் சொல்கிறேன். எங்கள் தெருவுக்கு வருகிற தன்னார்வலர் மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போவதில்லை. “தலை சுத்துதா? கால் வீங்குதா? போன மாச மாத்திரை மிச்சம் இருக்கா?” என்று கேட்பார். மூன்றாவது கேள்விதான் முக்கியம். மிச்சம் இருக்கிற அட்டையில் அந்த வீட்டின் உண்மை இருக்கிறது. எதிர்வீட்டுப் பெரியவரிடம் அப்படிக் கேட்டுத்தான், அவர் ராத்திரி எழுந்து பாத்ரூம் போகும்போது இரண்டு தடவை விழுந்தது வெளியே வந்தது. புராஸ்டேட்டுக்கு என்று வேறொரு இடத்தில் கொடுத்த மாத்திரையும் பிரஷரை இறக்கும் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. படுக்க வைத்தும் நிற்க வைத்தும் அளவு பார்த்து மருந்தைத் திருத்தினார்கள். ஒவ்வொரு ஊரிலும் இந்தக் கேள்விகள் கேட்கப்படவேண்டும். கேட்கத் தன்னார்வலர்களுக்கு நேரமும் தகுந்த சம்பளமும் கொடுக்கப்படவேண்டும்.

நான் நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்கிறேன்: என்ன மாத்திரை, எந்தத் தேதியில் மாற்றினார்கள், அதன்பின் உடம்பில் என்ன புதிதாக வந்தது. டாக்டர் அறையில் கிடைக்கிற சில நிமிடத்தில் ஞாபகத்தை நம்பமுடியாது, தாளை நீட்டிவிடலாம். பழைய மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போகிறேன்.

போன மாதம் பல் துலக்கும்போது ஈறில் ரத்தம். முன்பற்களுக்கு நடுவில் ஈறு சதை வைத்துத் தடித்திருந்தது. பல் டாக்டரிடம் போனேன். பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “பிரஷருக்கு அம்லோடிபைன் சாப்பிடுறீங்களாம்மா?” பையைத் திறந்து அட்டையைக் காட்டினேன். அம்லோடிபைனால் சிலருக்கு ஈறு வளரும் என்றார். பற்களைச் சுத்தம் செய்து, பல்லிடுக்கில் அழுக்குத் தங்கினால் இது கூடும் என்று துலக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார். எங்கள் டாக்டருக்கு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார். இரண்டு பேரும் போனில் பேசிக்கொண்டார்கள். இப்போதைக்கு மருந்தை மாற்றவில்லை. மூன்று மாதம் கழித்து ஈறைப் பார்த்துவிட்டு, குறையவில்லையென்றால் அம்லோடிபைனுக்குப் பதில் வேறொன்று யோசிக்கலாம் என்று சொல்லியிருக்கிறார்கள்.